கூழ் வழிபாட்டுக்கு முன், ஆலயக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ் ஆலயங்களின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஆடி மாதம் நெருங்குகிறது. சென்ற ஆண்டு கூழ் வழிபாட்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் பலர் கொரோனாவில் படுத்தபோது, ஓர் ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் "சில குடும்பங்களின் பொறுப்பின்மையே காரணம்" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. எந்தக் குடும்பங்கள் என்று எழுதவில்லை. எழுதாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

வீண்பழி சுமப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? நம் டர்பனில் அம்பிலோ சாலையில் இருந்த ஆய்வகத்தில் விஞ்ஞானி துலியோ டி ஒலிவேராவின் குழு கண்டறிந்த கொரோனா வைரஸின் புதிய திரிபை 2020 டிசம்பர் 18 அன்று அரசு அறிவித்தது. அதற்குக் கிடைத்த பரிசு, 'தென்னாப்பிரிக்க வைரஸ்' என்ற பட்டம். பீட்டா என்ற பெயர் 2021 மே இறுதியில்தான் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் போட்ஸ்வானாவிலும் இங்கும் விஞ்ஞானிகள் ஓமிக்ரான் என்ற அடுத்த திரிபைக் கண்டு உலகை எச்சரித்தார்கள். உடனே பல நாடுகள் நம் விமானங்களை நிறுத்தின. அந்த வழக்கம் நம் கோயில் வாசலுக்கும் வர வேண்டுமா?

திரிபுகள் வேகமாகப் பரவுவதற்குக் காரணம் வைரஸிலேயே இருக்கிறது. அது நம் செல்களைப் பற்றிக்கொள்ள உதவும் முள் போன்ற கூர்ப்புரதத்தில் 501-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியதால், ஆல்பா, பீட்டா ஆகிய திரிபுகள் நம் செல்களை இன்னும் இறுகப் பற்றின. டெல்டாவில் 681-ஆம் இடம் மாறியது. நம் உடலின் நொதிகள் அந்தப் புரதத்தை எளிதில் வெட்டின, வைரஸ் செல்லுக்குள் நுழைவதும் எளிதாயிற்று. ஓமிக்ரானிலோ கூர்ப்புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். முன்பு நோய் வந்து போனவர்களின் உடலில் இருந்த எதிர்ப்புப் புரதங்களால் அதைச் சரியாக அடையாளம் காண முடியவில்லை. 'எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது' என்று நிம்மதியாக இருந்தவர்களும் மறுபடி அதற்கு இரையானார்கள். ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஓமிக்ரான் மூச்சுக்குழல் திசுவில் டெல்டாவைவிடச் சுமார் எழுபது மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவில் அவ்வளவு பெருகவில்லை.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் சாதாரணச் சளிதானே' என்பவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அலை தணிவாகத் தெரிந்ததற்கு, அதற்குள் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது தொற்று வந்திருந்ததும் ஒரு காரணம். முன்வரிசையில் அமரும் முதியவர்களிடம் அது சாதாரணம் என்று சொல்லிப் பாருங்கள்.

தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஆரம்பத்தில் ஐந்து நாள்போல ஆனது. ஓமிக்ரானில் மூன்று நாள்போல. அறிகுறி தெரிவதற்கு முன்பே பிறருக்குப் பரவவும் செய்கிறது. அந்தக் குடும்பங்கள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்தார்கள் என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்?

எங்கள் ஆலயத்தில் அன்று நான் கண்டது வேறு. ஆடி நமக்குக் குளிர்காலம் என்பதால் மண்டபத்தின் பக்கக் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். ஆரத்தி முடிந்து, பூசாரி திருநீறு கொடுத்து, பந்தியும் தொடங்கிய பிறகும் கற்பூரப் புகை தலைக்கு மேல் கலையாமல் நின்றது. புகை நிற்கும் காற்றில், நாம் பாடும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகளும் நிற்கும். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த ஆண்டு பக்கக் கதவுகளைத் திறந்து வையுங்கள். குளிர்கிறவர்கள் சால்வை கொண்டுவரட்டும். கூழை முற்றத்தில் ஊற்றுங்கள். இருமலோடு வருகிறவருக்கு வாசலிலேயே முகக்கவசம் கொடுங்கள், ஏன் வந்தாய் என்று கேட்காமல். அந்தத் தாளை ஒட்டிய குழுவினர், அதே பலகையில் அந்தக் குடும்பங்களிடம் வருத்தம் தெரிவித்து இன்னொரு தாள் ஒட்ட வேண்டும். கொடியேற்றத்துக்கு முன்பே.

இப்படிக்கு,
உங்கள் ஆலயங்களில் ஆண்டுதோறும் கூழ் ஊற்றுகிறவர்களில் ஒருவர்