மைதானத்தின் சாவி யாரிடம்? – 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், போஷகர்களுக்கும், வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இருந்து வந்திருக்கும் கழகப் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

எமது சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் பொது மைதானங்களையும் பூங்காக்களையும் பாவிக்கும் கழகங்களின் கூட்டு இது. அதனால் எதை யாரிடம் கேட்பது என்று கண்டறிவதிலேயே ஆண்டின் பெரும்பகுதி போனது. போட்டி முடிவுகள் இணைப்பில் உள்ளன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை மைதான நிர்வாகத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

பெரும்பாலான மைதானங்களின் நிலை இதுதான்: நிலம் ஒருவருடையது, கோல் கம்பம் இன்னொருவர் கொடுத்தது, பார்வையாளர் கொட்டகை மூன்றாமவரின் நிதியில் எழுந்தது, மின்மானி நான்காமவர் பெயரில் இருக்கிறது. சாவி மட்டும் பக்கத்து வீட்டில். சாவி வைத்திருப்பவரே சொந்தக்காரர் என்று நினைத்துத்தான் கழகங்கள் கடிதம் எழுதுகின்றன. பெயர்ப் பலகையும் ஆளை ஏமாற்றும். வெபர் மைதானம் என்பது ஹரோல்ட் வெபர் அடிகளாரை நினைவுகொள்ளும் பெயர். பலகையில் உள்ள பெயர் காணி உறுதி ஆகாது.

யாருக்கு எந்த அதிகாரம்

மாநகர சபை எல்லைக்குள் 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், கிராமப் பக்கம் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் செல்லும். மக்களின் வசதி, நலன், பொது வசதிகள் ஆகியன பிரதேச சபையின் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சபைக்குப் பாரப்படுத்தப்படாத அரச காணியில் மைதானம் இருந்தால், காணி தொடர்பான கடிதம் பிரதேச செயலகத்துக்கே போகவேண்டும். கழகப் பதிவும் அங்குள்ள விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகத்தான். குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். பதிவுச் சான்றிதழ் தந்தவரே மைதானமும் தருவார் என்று கழகங்கள் எண்ணுகின்றன. பயிற்சி, உபகரணம், போட்டி ஒழுங்கு ஆகியவற்றில் அவரால் உதவ முடியும். சபையின் மைதானத்தை ஒதுக்கும் கடிதம் சபையிலிருந்துதான் வரவேண்டும்.

பாடசாலை மைதானம் தனி வழி. மாகாணப் பாடசாலையானால் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதவேண்டும். தேசியப் பாடசாலையானால் கல்வி அமைச்சின் வழி. ஒரே தெருவில் மதிலுக்கு மதில் நிற்கும் இரு பாடசாலைகளுக்கும் இரண்டு விதமாக எழுத நேர்வது இதனால்தான். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும். சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதையில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடிவிட்டு அடுத்த வருடமும் அனுமதி கேட்க முகம் இருக்காது. பாடசாலை பரீட்சை நிலையமாக இருக்கும் வாரங்களில் கேட்கவே வேண்டாம்.

கடற்கரையில் இன்னொரு கை சேரும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு சேரும் வாவிக்கும் இதில் பங்குண்டு. கல்லடிக் கரையில் கரப்பந்தாட்டக் கம்பத்தை மாலையில் நட்டு இரவில் பிடுங்குவது ஒரு விடயம். சீமெந்து இருக்கை கட்டுவது வேறு விடயம். பின்னையதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியை முதலில் கேளுங்கள். சபை சம்மதித்தது என்பது அங்கே பதிலாகாது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை மாநகர ஆணையாளரோ பிரதேச சபைச் செயலாளரோ தனித்து முடிவெடுத்தார். இப்போது கட்டணத்தை மாற்றவும் நேர அட்டவணையை ஏற்கவும் மாதாந்தக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். கடிதம் அலுவலகத்துக்குப் போனால் போதும் என்று இருந்துவிடாமல், அதை நிகழ்ச்சிநிரலில் ஏற்றும் உறுப்பினர் ஒருவரையும் பிடித்துக்கொள்ளுங்கள். மாகாண சபை 2017 இல் கலைந்ததிலிருந்து மாகாண மட்ட ஒப்புதல்கள் ஆளுநர் பக்கமாகவே போகின்றன. அதற்கு ஆகும் நாட்களையும் உங்கள் திட்டத்தில் கணக்கெடுங்கள்.

பத்திரம் தேடும் முறை

இந்த மைதானம் உங்களுடையதா என்று கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணப் பிரதியைக் கேளுங்கள்: நில அளவைப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும், நிலம் பாரப்படுத்தப்பட்ட கட்டளையோ கடிதமோ, சொத்துப் பதிவேட்டில் அந்த மைதானத்துக்குரிய பக்கம், கட்டணத்தைத் தீர்மானித்த கூட்ட அறிக்கை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தொதுக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதற்கும் பலனில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரே கடிதத்தைச் சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். இருவரும் தமதில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பதில்தான். அந்த இரு பதில்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கேட்கலாம்.

கட்டணம் செலுத்தினால் சபையின் பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். வெள்ளைத் தாளில் எழுதித் தருவது செல்லாது. பிணைப்பணம் கட்டியிருந்தால் போட்டி முடிந்த மறுநாள் காலையிலேயே தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ மேற்பார்வையாளரையோ அழைத்து மைதானத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று நாள் கழிந்தால் அடுத்தவர் செய்த சேதமும் உங்கள் தலையில் விழும். நுழைவுச்சீட்டு விற்பதானால் கேளிக்கை வரிக்காகச் சீட்டுகளை முன்கூட்டியே சபையில் முத்திரையிட வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. 2007 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இரவு 10 மணிக்கு மேல் அனுமதியை எதிர்பார்க்க வேண்டாம். இறுதிப் போட்டியை ஏழரைக்குத் தொடங்கிவிட்டுப் பரிசளிப்பில் அவதிப்படும் ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனிக்க.

எங்கே பிழைக்கிறது

ஆண்டிறுதி நிதிதான் பெரிய தொல்லை. பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாக ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி டிசம்பர் 31 ஆம் திகதிக்குள் செலவாகாவிட்டால் திரும்பிவிடும். மாரி மழையிலும் கொங்கிறீற் ஊற்றுவது அதற்காகத்தான். பொருளும் வந்துசேரும். ஆனால் அது எவருடைய இருப்புப் பதிவேட்டிலும் ஏறாது. கொடுத்தவர் கொடுத்ததோடு முடித்துக்கொள்வார், சபையோ தான் வாங்கவில்லை என்று சொல்லும். ஒரு கம்பம் சாய்ந்தால் அதைத் திருத்தும் செலவுக்கு எவருடைய வரவுசெலவிலும் தலைப்பே கிடையாது. ஆகவே பொருள் இறங்கும் நாளிலேயே ஒப்படைப்புக் கடிதம் மூன்று பிரதி: கொடுப்பவர், சபை, கழகம். பதிவேட்டில் ஏறிய பக்க இலக்கத்தையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டிலும் அளவு தவறுகிறது. கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். அது கோட்டு அளவு மட்டுமே. நாற்புறமும் 3 மீற்றராவது வெற்றிடம் சேர்த்தால் 24 க்கு 15 வேண்டும். கோட்டு அளவை மட்டும் வைத்து இடம் ஒதுக்கினால் பந்தைத் துரத்துபவர் மதிலில் போய் முட்டுவார். வலைப்பந்துத் திடலுக்கும் 30.5 க்கு 15.25 என்ற அளவுக்கு வெளியே இடம் தேவை. வரைபடம் அங்கீகாரத்துக்குப் போகுமுன் கழகத்தில் ஒருவர் நாடாவோடு போய் அளந்து பார்த்தாலே போதும்.

கூட்டுப் பாவனையின் வில்லங்கத்தை ஒரு குழியில் காட்டலாம். சித்திரைப் புதுவருட விழாவுக்கு வழுக்கு மரம் நடுவார்கள். ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழக் குழி. மரத்தைப் பிடுங்கியதும் மண்ணைக் காலால் தள்ளி மூடிவிடுவார்கள். மேலே தட்டையாகத் தெரியும். எங்கள் மணற்தரையில் முதல் பெருமழையோடு அது சாண் ஆழம் இறங்கிவிடும், புல் மூடியிருப்பதால் கண்ணுக்குப் படாது. அதற்குள் உதைபந்தாட்டக் கழகத்தின் நேரம் வந்துவிடும். விழாக்குழு கலைந்துபோயிருக்கும், அனுமதி தந்தவர் பிரதேச செயலகம், பராமரிப்பவர் சபை, கணுக்கால் பிசகுவது விளையாடுபவருக்கு. மூடும் முறை எளிது: ஒவ்வொரு சாண் உயரத்துக்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, உலக்கைக் கட்டையால் இடித்து, மறுபடி போடவேண்டும். மேலே இரண்டு விரற்கடை மேடாக விட்டால் இறங்கும்போது சமமாகும். இதை அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக எழுதும்படி கேட்டிருக்கிறோம். நடுவில் போட்ட கொங்கிறீற் கிரிக்கெட் தளத்தின் ஓரமும் அப்படித்தான். சுற்றி மணல் அரித்து விளிம்பு வெளியே வந்தால் முழங்கால் சிராயும். ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை மண் நிரப்புவதைக் கழகங்கள் முறைவைத்துச் செய்கின்றன.

மின்விளக்குகள் இருட்டாகக் கிடப்பதற்கும் காரணம் பல்பு அல்ல. சபையின் மின்னியலாளர் தெருவிளக்குப் பட்டியலில் உள்ள கம்பத்தில்தான் ஏறுவார். கழகத்தின் மின்மானியிலிருந்து இழுத்த கம்பம் அந்தப் பட்டியலில் இராது. முதலில் மின்கட்டணப் பட்டியலில் கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். மழைக்குப் பின் ட்ரிப் ஸ்விட்ச் விழுந்துகொண்டே இருந்தால் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கக்கூடும். வயர் மேலிருந்து நுழையும் பெட்டிகளில்தான் பெரும்பாலும் இது நடக்கும். கீழிருந்து நுழையும்படி மாற்றி, அடியில் சிறு வடிகால் துளை இடும்படி மின்னியலாளரிடம் சொல்லுங்கள். ட்ரிப் ஸ்விட்சைக் கழற்றி நேரே கொடுப்பதை எக்காரணத்தாலும் அனுமதிக்க வேண்டாம். கடற்காற்றில் கம்பத்தின் அடித்தட்டு ஆணிகளே முதலில் துருப்பிடிக்கும்.

சிறுவர் பூங்காவில் ஊஞ்சற் சங்கிலியின் கொக்கியைத்தான் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த இடம் மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருந்தால் ஊஞ்சலைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு கடிதம் எழுதுங்கள். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் கீழே 30 சென்ரிமீற்றராவது இளக்கமான மணல் வேண்டும். கிரவல் கொட்டி இறுக்குவது ஆபத்து.

வரும் ஆண்டு

ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பக்கக் கூட்டுப் பாவனை உடன்படிக்கை தயாரித்திருக்கிறோம். நிலம், கட்டுமானம், நேரம், மின்சாரம், திருத்தம், சாவி என ஆறு நிரல்கள். எதிரே பொறுப்பாளரின் பதவியும் ஆவண இலக்கமும். ஆளின் பெயரை எழுதவில்லை, இடமாற்றம் வந்தால் தாள் வீணாகிவிடும். அனர்த்த காலத்தில் அட்டவணை செல்லாது என்றும் ஒரு வரி சேர்த்துள்ளோம். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்த வரியின் தேவை எல்லோருக்கும் புரிந்தது.

நிரல்கள் முழுவதும் நிரம்பிய தாள் இன்னும் ஒன்றுகூட இல்லை. அதிகம் வெறுமையாய்க் கிடப்பது திருத்தம் என்ற நிரல். வாசலுக்குப் பக்கத்து மேசையில் மைதானவாரியாகத் தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. கழகப் பிரதிநிதிகள் தமக்குத் தெரிந்த ஆவண இலக்கங்களை நிரப்பி, மாற்றுச் சாவி இருந்தால் அதன் எண்ணிக்கையையும் குறித்து, தேநீருக்கு முன் உதவிச் செயலாளரிடம் தரவும்.