பெயர்களோடு பாத்திரங்களையும் கொண்டுவரச் சொல்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய வம்சாவளிப் படம் வந்து சேர்ந்தது. ஏழு தலைமுறையை ஒரே பக்கத்தில் அடக்கியிருக்கிறாய். கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோயில் புள்ளிக் கணக்கு, பழைய கல்யாணப் பத்திரிகைகள், உன் பெரியப்பாவின் ஞாபகம் என்று எங்கெங்கோ அலைந்து சேர்த்திருப்பது தெரிகிறது. உன் அப்பா சின்ன வயதில் வீட்டுப்பாடம்கூட ஒழுங்காக எழுதினவன் இல்லை. அவன் மகளா இது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

முன்னோரை நினைத்துச் சேலை வைத்துக் கும்பிடும் நம் படைப்பு வருகிறதே, அதற்குப் பங்காளிகள் கூடும்போது இதைப் பெரிதாக அச்சடித்துப் பெரிய வீட்டு வளவில் மாட்டப்போகிறாய் என்று உன் ஆத்தா சொன்னாள். அதற்கு முன்னால் சில விஷயம் சொல்ல வேண்டும். உனக்கு மட்டும் சொன்னால் போதும்தான். ஆனால் செட்டிநாட்டில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை இந்த வேலையில் இறங்கியிருக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதல் விஷயம், படத்தில் நான் இல்லை. என் தங்கைகள் இல்லை. உன் ஐயாவோடு, அதாவது உன் அப்பாவைப் பெற்றவரோடு, பிறந்த பெண்கள் யாருமே இல்லை. வந்த மருமகள்களும் கடைசி இரண்டு தலைமுறையில்தான் தலைகாட்டுகிறார்கள், அதற்கு மேலே பெயரில்லாத கட்டங்கள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீ வேண்டுமென்றே விடவில்லை, நீ கையில் எடுத்த ஆதாரங்கள் அப்படிப்பட்டவை. நம் விலாசம் என்பது அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் மேலே என்று ஆண்களின் முதலெழுத்துகளைக் கோத்தது. கடைப் பலகையிலும் இரும்புப் பெட்டியிலும் அதுதான் இருந்தது. கோயிலிலும் அப்படியே. நகரத்தார் என்கிற நம் செட்டியார்களுக்கு உள்ள ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவராக இருந்தாலும், கோயில் மாலை வந்து கல்யாணம் முடிந்ததும் புதுத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள். புள்ளி இரண்டு பேருக்கும் சேர்த்து, பெயர் மாப்பிள்ளையுடையது. இந்த இரண்டை மட்டும் வைத்துக் கட்டினால் எந்த வீட்டுப் படமும் ஆண்கள் வரிசையாகத்தான் வரும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். படைப்பு யாருக்கு? நாம் படைப்பது முதல் பிரசவத்தில் போன ஓர் ஆச்சிக்கு. அந்த ஆச்சிக்காகச் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பேழையைத் திறந்து, போன படைப்புக்கு வைத்த சேலையை எடுத்துவிட்டுப் புதுச் சேலை வைக்கிறோம். நம் குடும்பத்தில் பழைய தலைமுறை ஆள் ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் கதை தெரியும் என்றால் அது அந்த ஆச்சிதான். என்ன நிறச் சேலை பிடிக்கும் என்பது வரை சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்கு உன் படத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அதைக் கொண்டுபோய்ப் படைப்பு வீட்டிலேயே மாட்டினால் எனக்கு என்னவோ போல இருக்கும்.

சரி, அப்படியானால் பெண்களை எங்கே தேடுவது? சாமான் அறையில் தேடு.

நம் வீட்டில் எழுத்து வெட்டாத சாமான் கிடையாது. அண்டா, தவலை, குத்துவிளக்கு, தாம்பாளம், கரண்டிக் காம்பு வரைக்கும் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருக்கும். ஒரே வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வைத்து, தனித்தனி அடுப்பில் சமைத்த காலத்து ஏற்பாடு அது. விசேஷத்துக்கு இரவல் போன அண்டா வீடு திரும்பவும் அந்த எழுத்துதான் உதவி. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமானில் அவளைப் பெற்ற வீட்டு எழுத்து இருக்கும். கல்யாணத்தில் சாமான் பரப்புகிறபோது ஊரே வந்து பார்க்குமே, அந்தச் சாமான்கள்தாம்.

ஆக, நம் சாமான் அறைக்குள் நம்முடையதல்லாத எழுத்து உள்ள பாத்திரம் எது கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஒரு பெண்ணோடு வந்தது. எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று அதுவே சொல்லும். வாய்மொழியில் ‘தேவகோட்டை ஆச்சி’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட்ட என் அப்பத்தாவின் அம்மா எந்த வீட்டுப் பெண் என்பதை ஒரு வெண்கலப் பானையின் கழுத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதேபோல் நம் வீட்டில் பிறந்து வெளியே போனவர்களைத் தேடுவதானால், நம் எழுத்து வெட்டிய சாமான் யார் யார் வீட்டு அடுக்களையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். என்னிடம் ஒரு இட்லிக் கொப்பரை இருக்கிறது. கனம் தாங்காமல் இப்போது மேலே ஏற்றி வைத்திருக்கிறேன், ஆனால் யாருக்கும் தரமாட்டேன்.

இதனால்தான் சொல்கிறேன், படைப்பு பங்காளிகளோடு நடக்கட்டும். மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பெண்பிள்ளைகள் வீட்டாரையும் கூப்பிடு. சம்பந்தி வீடு, அம்மான் வீடு எல்லோரையும். வரும்போது ஆளுக்கு ஒரு பழைய சாமான் கொண்டுவரச் சொல். ‘உங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?’ என்று காகிதத்தை நீட்டிக் கேட்டால் தெரியாது என்றுதான் பதில் வரும். கையில் ஒரு எனாமல் தூக்கைக் கொடுத்துப் பார். இது யார் கல்யாணத்துக்கு வந்தது, இதில் யாருக்குச் சோறு போனது, மூடி ஏன் வேறு நிறம் என்று அரை மணி நேரம் பேசுவார்கள். நீ கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் போதும். குறுக்கே பேசாதே.

பாத்திரத்துக்கு அடுத்தது ஏடுகள். கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் எந்தப் பங்காளி வீட்டில் இருந்தாலும் வாங்கிப் படம் எடு. இரண்டு வீட்டார் பெயரும் ஒரே இடத்தில் அதில்தான் கிடைக்கும். மொய்ப்பண ஏட்டையும் விடாதே. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த முறையில் எழுதினார்கள் என்று பார்த்தாலே உறவு விளங்கிவிடும். ஒரு கல்யாணத்துக்கு வந்த வீடு அடுத்த கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் நடுவில் ஒரு சண்டை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் பெரியவர்களிடம் விசாரி, சுவாரசியமாக இருக்கும். படத்தில் மட்டும் போடாதே, போட்டால் படைப்புச் சாப்பாடு ஆறிவிடும்.

இப்போது ஒரு திருத்தம். ரங்கூனில் இருந்த நம் வட்டிக் கடைக்கு ஆள் அனுப்பச் சம்பளம் பேசி எழுதிய சீட்டில் ‘சித்திரபானு வருஷம்’ என்று இருப்பதை நீ 1942 என்று எடுத்திருக்கிறாய். அறுபது வருஷச் சுழற்சியில் 1882, 1942, 2002 மூன்றுமே சித்திரபானுதான். 1941 டிசம்பர் 23ஆம் தேதியே ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பான்காரர் கைக்குப் போனது. சித்திரபானு பிறப்பதோ ஏப்ரல் நடுவில். நம் ஆட்கள் கால்நடையாக அசாம் பக்கம் தப்பி வந்துகொண்டிருந்த நேரத்தில், யார் உட்கார்ந்து ரங்கூனுக்கு ஆள் அனுப்பச் சம்பளச் சீட்டு எழுதியிருப்பார்கள்? ஆகவே அது 1882. சீட்டில் உள்ள பெயர் உன் ஐயாவின் அப்பா இல்லை, அவருக்கு அப்பாவின் அப்பா. மூத்த பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். வருஷப் பெயரை மட்டும் நம்பி யாரையும் கட்டத்துக்குள் உட்கார வைக்காதே. பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு உட்கார வை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடியாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகிற வரைக்கும் போவதும் வருவதும்தான். பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். அதனால் அந்தத் தலைமுறையில் உடன்பிறந்தவர்களுக்குள் வயது இடைவெளியைப் பார். ஊரில் இருந்த கொஞ்ச காலத்தில் ஒரு பிள்ளை, பிறகு நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு பிள்ளை. பயணச் சீட்டு ஒன்றுகூட மிஞ்சாத போதும் ஆள் எப்போது ஊரில் இருந்தார் என்று இதை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். அந்த இடைவெளி வருஷங்களில் வீட்டுக் கணக்கு, நிலம், பெண் கொடுத்து எடுப்பது எல்லாவற்றையும் பார்த்தது யார் என்றும் யோசி. அவர்கள் எழுதி வைத்த பால் கணக்கு, நெல் கணக்கு நோட்டுகள் மேல்மாடிப் பெட்டியில் கிடக்கின்றன. யாரும் அவற்றை ஆவணம் என்று நினைக்கவில்லை.

அதே பெட்டிக்கு அடியில் பர்மா எழுத்தில் நிலப் பத்திரங்கள் இருக்கும். நஷ்ட ஈடு வரும் வரும் என்று உன் ஐயா கடைசி வரை வைத்திருந்தார். அதைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தால் கதையை முழுதாக எழுது. 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய குடியானவர்களால் கட்ட முடியாமல் நிலம் கடைகளுக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் வைத்திருந்த செட்டியார்கள், 1938க்குள் 25 பங்குக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். 1942இல் ஓடி வந்தோம், 1948இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. நம் வீட்டில் இதை நாம் இழந்த கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த வயலை உழுதவன் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பாள், அவள் சொன்ன கதை வேறாக இருந்திருக்கும். அதற்கும் இரண்டு வரி ஒதுக்கு.

சுவீகாரம் பற்றி உன் பெரியப்பா பேசமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். நான்காம் வரியில் இருக்கும் ஐயா பிள்ளைகூட்டி வந்தவர். வாரிசு இல்லாத வீட்டுக்கு அதே கோயில் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவது நம்மிடம் சாதாரணம், ஒளிக்க ஒன்றும் இல்லை. நீ பயன்படுத்தும் செயலியில் ஒருவருக்கு ஒரே அப்பா, ஒரே அம்மா என்று இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் வரை. வந்த வீட்டுக்கு ஒரு கோடு, பிறந்த வீட்டுக்குப் புள்ளிக்கோடு. பிள்ளையைக் கொடுத்தவளுக்கும் ஒரு கட்டம் வேண்டும். இரண்டாம் கல்யாணங்களையும் அப்படியே செய், இருவர் பெயரும் வரட்டும்.

இதை ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், பொருள்கள் நிற்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு வா. ஸ்வீடன் எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கிடைக்கும். சட்டம் போட்ட ஆளுயரப் புகைப்படங்களும் கிடைக்கும். வாங்குகிறவர்களுக்குத் தேக்குச் சட்டம்தான் வேண்டும், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐயாவும் ஆச்சியும் யாரென்று கடைக்காரருக்கும் தெரியாது. விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றவே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பங்கும் பத்துப் பேருக்கு மேல். விற்பதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றும். நம் பங்காளிகளிலும் இரண்டு வீட்டில் விலை பேசிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. அங்கே முதலில் போ.

டீ-சர்ட் அடிக்கும் யோசனையை விட்டுவிடு. அந்தப் பணத்தில் நல்ல ஸ்கேனர் வாடகைக்கு எடுத்து மறுநாள் முழுதும் வளவில் வைத்திரு. கொண்டுவரும் பத்திரங்களை அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடு. ‘அனுப்பி வைக்கிறேன்’ என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த படைப்புக்கு ஒருவரும் எதையும் கொண்டுவரமாட்டார்கள். புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது பின்பக்கத்தையும் படம் பிடி. ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும். ரங்கூனா பினாங்கா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சாமான் அறைச் சாவி உன் பெரியப்பாவிடம் இருக்கிறது. நீ கேட்டால் நாள் பார்க்க வேண்டும் என்பார், நானே பேசிக்கொள்கிறேன். பாத்திரங்களை இறக்கியதும் வேலைக்கு வரும் ஆச்சி புளி போட்டுத் தேய்க்கப் பார்ப்பாள். விடாதே. முதலில் உலர்ந்த துணியால் தூசி தட்டு. எழுத்து தெரியாத இடத்தில் கொஞ்சம் அரிசி மாவைத் தடவித் துடைத்தால் குழியில் மாவு நின்று தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடு. தேய்ப்பதெல்லாம் அதற்கப்புறம். பழைய எழுத்து மழுங்கியிருக்கும், இன்னொரு தேய்ப்பு தாங்காது.

நான் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். இட்லிக் கொப்பரையும் வரும், காரில் இடம் வைக்கச் சொல்லு உன் அப்பாவிடம்.

அன்புடன்,
அத்தை