ஒரு பைசா தொடவில்லை என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரஸ்ட் பணத்தில் தகராறு, நிர்வாகிகள் மீது போலீசில் புகார் என்று உங்கள் ஈரோடு, திருப்பூர் பக்கங்களில் அடிக்கடி செய்தி வருகிறது. கோயில் டிரஸ்ட், கல்யாண மண்டப டிரஸ்ட், பள்ளிக்கூட டிரஸ்ட், குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்காமல் காப்பாற்ற அப்பாரு எழுதி வைத்த டிரஸ்ட், எல்லாமே வருகிறது. வந்த பிறகு பேச்சு எல்லாம் ஒரே இடத்தில்தான் சுற்றும்: நிர்வாகி பணத்தைச் சாப்பிட்டாரா, இல்லையா? சாப்பிட்டதாகக் காட்ட முடியவில்லை என்றால் அத்தோடு கதை முடிந்தது. யாரும் சாப்பிடவில்லை, ஆனால் பணமும் இல்லை என்று நிற்கிற டிரஸ்டுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்குத் தெரிந்தவரை நம் பக்கம் அந்த வகைதான் அதிகம்.

ஒன்று சொல்கிறேன். பெருந்துறைக்குத் தெற்கே ஒரு மண்டப டிரஸ்ட், ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பங்காளிகள் என்று ஆளாளுக்குக் கொடுத்து, மேல்மாடி கட்டச் சேர்ந்த பணம் பேங்கில் கிடந்தது. ஈமு கோழி மோகம் எல்லோர் தலையிலும் ஏறியிருந்த சமயம் அது. குஞ்சும் கொடுத்து, தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருகிறோம் என்றவர்களிடம் பொருளாளர் அதைக் கொண்டுபோய்ப் போட்டார், பேங்க் வட்டியைவிட நல்லா வருதுங்களே என்று. 2012-ல் ஈமு பண்ணைகள் வரிசையாகக் கவிழ்ந்தன, பணம் போச்சு. கூட்டம் போட்டார்கள். பொருளாளர் ரசீதுகளை மஞ்சப்பையில் எடுத்து வந்து மேசை மேல் கொட்டிவிட்டு, "நான் ஒரு பைசா தொட்டிருந்தா ஆத்தா கேக்கட்டுங்க" என்று கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "அப்புறம் என்னங்கப்பா, நல்ல மனுசன், நேரம் சரியில்ல" என்றார் ஒரு பெரியவர். காப்பி வந்தது, கூட்டம் கலைந்தது.

பொருளாளர் சொன்னதில் பொய் இல்லை, அவருடைய சொந்தப் பணமும் அதே இடத்தில்தான் போனது. ஆனால் அவர் சத்தியம் செய்தது யாரும் கேட்க வேண்டியிராத கேள்விக்கு. கேட்டிருக்க வேண்டியது வேறு. மண்டபத்துப் பணத்தை அங்கே போடலாம் என்று டிரஸ்ட் பத்திரத்தில் எங்கே இருக்கிறது, போடுவதற்கு முன் யாரை விசாரித்தீர்கள், செக்கில் இரண்டாவது கையெழுத்துப் போட்ட தலைவர் எதைப் பார்த்துப் போட்டார்? இதில் ஒன்றைக்கூட அன்றைக்கு ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

டிரஸ்ட் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது, என் தங்கை மகன் அங்கே வீடு வாங்கியபோது தெரியவந்தது. இங்கே தோப்பை விற்ற பணம், அவனுடைய சேமிப்பு, பேங்க் கடன் எல்லாமே சொலிசிட்டர் என்கிற வக்கீலின் கணக்குக்குத்தான் போக வேண்டும், அவர்தான் விற்கிறவருக்குக் கொடுப்பார் என்றான். தங்கைக்குத் தூக்கமே போய்விட்டது, யாரோ ஒரு வக்கீலை நம்பி அத்தனை பணமா என்று. அந்த வக்கீல் அனுப்பிய கடிதத்தை அவன் எனக்கு அனுப்பினான். எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள், போன் செய்து உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அங்கே கட்சிக்காரர் பணம் வக்கீலின் சொந்தப் பணத்தோடு கலக்கவே கூடாது, கிளையன்ட் அக்கவுண்ட் என்று தனிக் கணக்கு. அந்தப் பணத்துக்கு அவர் டிரஸ்டி மாதிரி. வீடு சரியாகக் கைமாறினால், கொடுத்தவர் சொன்ன நிபந்தனைப்படி, அப்போதுதான் அதை வெளியே விட அவருக்கு அதிகாரம். பிசகாக விட்டுவிட்டால், ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. நம்பிக்கை மீறல் நடந்துவிட்டது, கணக்கை நேர் செய், அவ்வளவுதான்.

2014-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஏ.ஐ.பி. வங்கி வழக்கைப் பாருங்கள், எதிர்ப்பக்கம் மார்க் ரெட்லர் என்ற வக்கீல் நிறுவனம். ஒரு வீட்டின் மேல் வங்கி 33 லட்சம் பவுண்டு கடன் கொடுக்கிறது. முதலில் அந்த வீட்டின் மேல் பார்க்லேஸ் வங்கிக்கு இருக்கிற பழைய கடனை முழுக்க அடைத்து, ஏ.ஐ.பி.க்கு முதல் அடமான உரிமை வாங்கித் தர வேண்டும், இதுதான் நிபந்தனை. பார்க்லேஸ் கடன் இரண்டு கணக்கில் இருந்தது. வக்கீல்கள் ஒன்றை மட்டும் அடைத்தார்கள், சுமார் 3,09,000 பவுண்டு பாக்கி நின்றுவிட்டது. திருட்டு கிடையாது, கமிஷன் கிடையாது, கணக்கைச் சரியாகப் பார்க்காத தப்பு. கடன்காரர்கள் கட்டாமல் விட, வீடு 2011-ல் வெறும் 12 லட்சத்துக்குப் போனது, பார்க்லேஸ் எடுத்தது போக ஏ.ஐ.பி.க்குக் கிடைத்தது 8,67,697 பவுண்டு. நீங்கள் நிபந்தனையை மீறிப் பணத்தை விட்டீர்கள், அதனால் மிச்ச 25 லட்சமும் உங்கள் தலையில் என்றது வங்கி. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீல்கள் சொன்னபடி செய்திருந்தாலும் வீட்டு விலை விழுந்திருக்கும், வங்கிக்கு அந்த நஷ்டம் வந்தே தீரும். இவர்களுடைய தப்பால் வந்த நஷ்டம் எவ்வளவோ அதைக் கட்டினால் போதும் என்று 2,73,777 பவுண்டோடு நிறுத்தியது. மார்ட்கேஜ் மோசடி ஒன்றில் 1995-லேயே, அப்போது அந்த நாட்டின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை சொன்ன அதே வழிதான். எனக்கு இதில் பிடித்தது இரண்டு பக்கமும் சமமாக இருப்பது. நல்லவர் என்று விட்டுவிடவும் இல்லை, மாட்டினான் என்று எல்லா நஷ்டத்தையும் அவர் தலையில் கட்டவும் இல்லை.

இன்னொன்று இதைவிடக் காரமானது. 2014-ல் லண்டனில் ட்ரீம்வார் என்ற சின்ன கம்பெனி 11 லட்சம் பவுண்டுக்கு ஒரு வீடு வாங்குகிறது, விற்றவன் சொந்தக்காரனே இல்லை, ஆள்மாறாட்டம். பணம் போய்விட்டது. வாங்கியவரின் வக்கீல்கள் மிஷ்கான் டி ரேயா, பெரிய நிறுவனம். அவர்கள் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று கோர்ட்டே சொன்னது, சொல்லிவிட்டு, நிஜமான விற்பனை நடக்காதபோது பணத்தை விட்டது நம்பிக்கை மீறல், கட்டு என்றது. நஷ்டத்தைத் தாங்க அவர்களுக்குக் காப்பீடு இருக்கிறது, அந்தச் சின்ன கம்பெனிக்கு எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம். 2018-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது, விற்றவன் பக்கத்து வக்கீல்களையும் பொறுப்பில் சேர்த்தார்கள். கொஞ்சம் கொடுமைதான், நான் அந்த வக்கீலாக இருந்தால் கொதித்திருப்பேன்.

மன்னிப்பே கிடையாதா என்றால் இருக்கிறது. அவர்களுடைய 1925-ம் வருடத்து டிரஸ்டி சட்டத்தில் 61-வது பிரிவு. டிரஸ்டி நேர்மையாக நடந்திருக்க வேண்டும், நியாயமான கவனத்தோடு நடந்திருக்க வேண்டும், மன்னித்து விடுவது தகும் என்று கோர்ட்டுக்கும் பட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான். நம் ஊர்க் கூட்டத்தில் முதலாவதோடு காப்பி வந்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் சட்டம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு: நம்மிடமும் 1882-லிருந்து இந்திய டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. சாதாரண விவேகம் உள்ளவன் தன் பணத்தைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. மீறினால் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது 23. கூட இருக்கும் டிரஸ்டி தப்புச் செய்வது தெரிந்தும் பேசாமல் இருந்தவரும் தப்ப முடியாது. கையெழுத்துக்கு மட்டும் என்னைப் போட்டு வெச்சிருக்காங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லும் டிரஸ்டிகள் இதை ஒரு தடவை படித்தால் நல்லது. இந்தச் சட்டம் குடும்ப டிரஸ்ட் போன்ற தனியார் டிரஸ்டுகளுக்கு. கல்வி, பொதுக் காரியம் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில், அக்கறை உள்ள இரண்டு பேர் கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போடலாம், டிரஸ்டியை நீக்கச் சொல்லலாம், கணக்குக் காட்டச் சொல்லலாம்.

நாம் செய்வது என்ன? நேராக போலீஸ் ஸ்டேஷன். நம்பிக்கை மோசடி, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 406, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. அதற்குக் கெட்ட எண்ணத்தைக் காட்ட வேண்டும், பணத்தை எடுத்தவர்கள் மீது தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஈமுவில் போட்ட பொருளாளர் மீது அது ஒட்டாது. இன்ஸ்பெக்டர் இது சிவில் தகராறு என்று அனுப்பிவிடுவார், அவர் சொல்வதும் சரிதான், உடனே இவர், பாத்தீங்களா, போலீசே என் பக்கம் தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க என்று ஊருக்குள் நிமிர்ந்து நடப்பார்.

வக்கீல்கள் விஷயத்துக்கும் வருகிறேன், அங்கே நம் நிலைமை இன்னும் மோசம். கிரயத்துக்கு முன் அட்வான்ஸை வக்கீல் கையில் கொடுத்து வைப்பது பொள்ளாச்சியிலிருந்து நாமக்கல் வரை எங்கும் நடக்கிறது. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று. இங்கிலாந்தில் ஒவ்வொரு சொலிசிட்டர் நிறுவனமும் குறைந்தது 20 லட்சம் பவுண்டுக்குத் தொழில் காப்பீடு எடுத்தாக வேண்டும். அதையும் மீறி வக்கீல் பணத்தோடு மறைந்தால், ஒருவருக்கு 5 லட்சம் பவுண்டு வரை கொடுக்க தனி நிதி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வக்கீல்களுக்கு நல நிதி இருக்கிறது, கட்சிக்காரருக்கு எதுவும் இல்லை. நுகர்வோர் கோர்ட்டுக்காவது போகலாம் என்றால், வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், அவர் மேல் நடவடிக்கை வரலாம், போன பணம் அதனால் வருமா என்பது வேறு. தனிக் கணக்கும் கட்டாயக் காப்பீடும் வேண்டும் என்று கேட்பதில் நேர்மையான வக்கீல்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிற வக்கீல் சங்கங்களே இதை முன்னால் எடுத்து வைக்கலாம்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த டிரஸ்ட் தகராறு வரும்போது எஃப்.ஐ.ஆர். நம்பரோடு நிற்காமல், பணம் எதில் போடப்பட்டது, யார் தீர்மானம், பத்திரம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். 92-க்கு இரண்டு பேர் போதும். நான் சொன்ன அந்த மண்டபத்தில் ஒருவர் தயாராகத்தான் இருந்தார், இரண்டாவது ஆளாக வர வேண்டியவர் பொருளாளருக்குச் சம்பந்தி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னிமலை.