அந்த கேமரா யாருடையது என்று முதலில் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பழைய பொருள் வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பைக், சோஃபா, செல்போன் எல்லாம் இருந்தது. கேமராவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்தில் 19 வருடமாகக் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் முதல் கேமராவை செகண்ட் ஹேண்டில்தான் வாங்குகிறார்கள். புது பாடியும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) ஒரு நல்ல லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். வேறு என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2022 ஆவணியில், முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தமாக ஓடிக்கொண்டிருந்த நேரம். என்னுடைய நிக்கான் டி750 பாடியையும் 24-120 லென்ஸையும் ஒருவர் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் போனார். ஆதார் நகல் கொடுத்தார், அட்வான்ஸும் கொடுத்தார். மூன்றாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப். ஆதாரில் இருந்த முகவரியில் அப்படி ஒரு ஆளே இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" என்னிடம் இல்லை. பில் எங்கே போனதென்று தெரியவில்லை. அட்டைப்பெட்டியை வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம்.

அன்று ராத்திரி ஒரு நண்பர் சொன்னார்: நிக்கான், கேனான் கேமராக்கள் எடுக்கிற படத்தின் ஃபைலுக்குள்ளேயே பாடியின் சீரியல் நம்பர் பதிவாகியிருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி, யாரோ ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தப் படத்திலிருந்து அந்த எண்ணை எடுத்தேன். மறுநாள் அதைப் புகாரில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் போனது. எங்கள் போட்டோகிராபர் வாட்ஸ்அப் குழுவில் திருச்சியிலிருந்து ஒரு தம்பி, "செகண்ட்ல வாங்கினேன் அண்ணா, ஷட்டர் கவுண்ட் எவ்வளவுன்னு யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரிஜினல் ஃபைல் ஒன்றைப் போட்டிருந்தார். ஷட்டர் கவுண்ட் என்றால் கேமரா இதுவரை எத்தனை கிளிக் அடித்திருக்கிறது என்ற கணக்கு. டி750 என்றதும் நானே திறந்து பார்த்தேன். என் கேமராவின் நம்பர். இரண்டு தடவை நோட்டில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டேன். கை நடுங்கிவிட்டது.

அந்தத் தம்பி படிப்பை முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விளம்பரத்தைப் பார்த்து, பேருந்து நிலையத்தில் வைத்து 58,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். அதில் 30,000 அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம். விற்றவனின் நம்பர் மறுநாளே போய்விட்டது. கேமரா ஸ்டேஷனுக்குப் போய், அப்புறம் கோர்ட் வழியாக என் கைக்கு வந்தது. தம்பிக்கு ஒரு ரூபாய் திரும்பவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தும் வாங்கினாலோ மூன்று வருடம் வரை சிறை உண்டு. அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 411, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 317. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் விற்றவனோடு பேசிய சாட்டும் அழிக்காமல் இருந்ததால் அவர் மேல் வழக்கு வரவில்லை. ஆனாலும் மூன்று முறை அலைந்தார். கடைசி முறை ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நிற்கும்போது என்னிடம் கேட்டார்: "அண்ணா, அன்னைக்கு அவன்கிட்ட நான் என்னதான் கேட்டிருக்கணும்?"

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, சீரியல் நம்பரை. அதையும் வாயால் சொன்னால் ஏற்கக் கூடாது. "அந்த கேமராவில் இன்று எடுத்த ஒரு படத்தை எடிட் செய்யாமல் அனுப்புங்கள், பாடியின் அடிப்பகுதியையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் உள்ளே இருக்கிற விவரம் எல்லாம் போய்விடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அடியில் இருக்கிற ஸ்டிக்கரைச் சுரண்டலாம், மாற்றி ஒட்டலாம். கேமரா தானே படத்துக்குள் எழுதுகிற எண்ணை மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெட்டி இருந்தால் அதிலுள்ள எண்ணும், பில் இருந்தால் பில்லில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பில் தொலைந்தது என்றால் நம்பலாம், எனக்கே தொலைந்ததுதான். ஆனால் எந்தக் கடையில், எந்த வருடம் வாங்கினார் என்று சொந்தக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கேமராவில் அவர் எடுத்த பழைய படங்கள் குறைந்தது நாலாவது அவரிடம் இருக்கும். தம்பிக்கு விற்றவனிடம் ஒரு பழைய படம்கூட இருந்திருக்காது.

கேமராவை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட டோக்கன் போடாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, அதனால்தான் சல்லிசாகக் கொடுக்கிறேன், ஆர்மி பார்சலில் வீட்டுக்கே வரும்" என்று சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புகிற கும்பல் பல வருடமாக இதையே செய்துகொண்டிருக்கிறது. முதலில் பார்சல் செலவு, அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று கறப்பார்கள். கேமரா மட்டும் வராது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தைக் கணக்கிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

சந்திக்கிற இடம் பேருந்து நிலையமும் லாட்ஜ் அறையும் வேண்டாம். எந்த ஊரிலும் ஒரு ஸ்டூடியோ இருக்கும். "அந்த ஸ்டூடியோவில் வைத்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நேர்மையான ஆள் சரி என்பார். ஸ்டூடியோக்காரர் எங்களைப் போல ஒருவராகத்தான் இருப்பார், அரை மணி நேரம் கூட நின்று பார்த்துக்கொடுப்பார். என் ஸ்டூடியோவுக்கு அப்படி யார் வந்தாலும் பார்த்துக்கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் டெல்டா பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை. அடுத்து மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஈரத்தில் ஓடிய லென்ஸ் பையைவிட்டு வெளியே வராமல் ஒரு மாதம் கிடக்கும். தையில் விற்பனைக்கு வரும். மேலே துடைத்துவிட்டால் புதுசுபோல் மின்னும். செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் பிடித்து, மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். பழைய வகை நிக்கான் லென்ஸ் என்றால் பின்னால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் அப்பர்ச்சர் (வெளிச்சம் உள்ளே போகிற துவாரம்) முழுக்கத் திறக்கும். உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி, பரவாயில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிசாக வெள்ளை இழைகள் சிலந்தி வலைபோலக் கிளைவிட்டு ஓடினால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் அதை வாங்காதீர்கள். மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில், அதே ஈரத்தில் வைத்தால் அவற்றுக்கும் ஆபத்து.

பாடியில் ஷட்டர் கவுண்ட்டை எல்லோரும் கேட்கிறார்கள். டி750-க்கும் கேனான் 5டி மார்க் 4-க்கும் 1,50,000 தடவை, டி850-க்கு 2,00,000 தடவை என்று கம்பெனி சொல்கிற கணக்கு. அதைத் தாண்டியும் ஓடும், முன்னாலேயே போகவும் செய்யும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்று வைத்தாலும் வருடம் 30 கல்யாணத்துக்கு 90,000. இரண்டு வருடம் கல்யாணத்தில் ஓடிய பாடியை "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று விளம்பரம் போட்டால், கிரிப்பில் வழுவழுப்பாகத் தேய்ந்த ரப்பரும் பட்டையின் வளையம் உரசிய தடமும் உண்மையைச் சொல்லிவிடும். நிக்கானில் இந்த எண்ணும் பட ஃபைலிலேயே இருக்கும். கேனானில் பெரும்பாலும் இருக்காது, தனி சாஃப்ட்வேரோ சர்வீஸ் சென்டரோதான். அப்பர்ச்சரை 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் இருக்கிற அழுக்கு தெரியும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்க வந்தவர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து கேமராவைக் கொடுக்காதீர்கள், உங்கள் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பாருங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை. கியூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வரும்" என்றால் போவது உங்கள் பணம்.

இவ்வளவும் வாங்குகிறவன் தலையிலேயே விழுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விளம்பரத் தளங்கள் கேமராவுக்கு சீரியல் நம்பரைக் கட்டாயமாகக் கேட்கலாம். வெளியே காட்ட வேண்டாம், தங்களிடம் வைத்திருந்தால் போதும். போலீஸ் கேட்டால் ஒரு நிமிடத்தில் தேடிவிடலாம். செல்போன் தொலைந்தால் ஐஎம்இஐ கொடுத்து முடக்க அரசே சிஇஐஆர் என்று ஒரு வசதி வைத்திருக்கிறது. கேமராவுக்கு அப்படி எதுவும் கிடையாது. செல்போனைவிடப் பல மடங்கு விலையுள்ள, ஒரு குடும்பமே நம்பியிருக்கிற பொருள் இது. மாவட்டந்தோறும் இருக்கிற போட்டோகிராபர் சங்கங்களாவது திருடுபோன கேமராக்களின் எண்களை ஒரு பட்டியலாக வைத்து, கேட்கிறவர்களுக்குப் பார்த்துச் சொல்லலாம். தம்பி அன்றைக்கு அப்படி ஒரு பட்டியலைப் பார்த்திருந்தால் வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும்.

எங்கள் வட்டாரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து இதைத் தொடங்கியிருக்கிறோம். ஒரு நீள நோட்டு, அதில் ஆளுக்கு ஒரு பக்கம்: பாடி, லென்ஸ், ஃபிளாஷ், எல்லாவற்றின் எண்ணும், வாங்கிய தேதியும். வாடகைக்குக் கொடுத்தால் அதுவும் அதில் ஏறும். இதைப் படிக்கிற போட்டோகிராபர்கள் இன்று ராத்திரியே கேமராவைக் கவிழ்த்து அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டியும் பில்லும் இல்லாதவர்கள் பழைய படத்தைத் திறந்து பாருங்கள், அதில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராபர்,
கும்பகோணம்.