எந்த எஞ்சின் நல்லது என்று கேட்கும் முன்னால் எந்தக் கடல் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டுப்படகுக்கு மானியத்தில் எஞ்சின் என்று பேச்சு வந்தாலே எங்கள் கரையில் வாக்குவாதம் தொடங்கிவிடும். யமஹாதான் என்பார் ஒருவர், சுசுகிக்கு ஈடு இல்லை என்பார் இன்னொருவர், டோஹாட்சு வைத்திருப்பவர் இருவரையும் விடமாட்டார், பழைய ஆட்கள் நீளத் தண்டின் நுனியில் புரொப்பல்லர் சுற்றும் லாங் டெயில் டீசல் எஞ்சினைத் தவிர வேறெதையும் எஞ்சின் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் மோர்ப்பண்ணைப் பக்கம் நண்டு வலைத் தொழில் செய்பவன். டீசல் லாங் டெயில், டூ ஸ்ட்ரோக், இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் என்று மூன்றையும் என் வள்ளத்தில் ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடா, ஆழம் குறைந்த கடல், தரையெல்லாம் தாழை என்கிற கடல் புல். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா, அங்கே தீவுகளும் பவளப் பாறையான பாரும், அதைத் தாண்டினால் ஆழம், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கிடக்கிற கிடையே வேறு. இந்த இரண்டுக்கும் ஒரே எஞ்சினைச் சிபாரிசு செய்கிறவர் இரண்டிலும் தொழில் செய்யாதவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பாக் விரிகுடாப் பக்கம் லாங் டெயில் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தாழை சுற்றினால் தண்டைத் தூக்கி உதறிவிட்டுப் போகலாம். ஆழம் இல்லாத இடத்தில் புரொப்பல்லரை மேலாக வைத்து ஓட்டலாம். கிரீவ்ஸ் லம்பார்டினி மாதிரி ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் காற்றிலேயே ஆறிக்கொள்ளும், கடல் தண்ணீர் உள்ளே போகிற வேலையே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணிக்கிறது, அதனால் ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பைக் கழுவச் சொல்கிறது அதன் கையேடு. குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ஊரில் எஞ்சினுக்கு யார் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள்? கழுவாமல் விட்டால் உள்ளே உப்புப் படிந்து தண்ணீர் போகிற பாதை அடைக்கும், அப்புறம் எஞ்சின் சூடேறி நிற்கும். நான் இப்போது ஒரு அரை டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்து, அதையே மூன்று நான்கு நாள் பயன்படுத்தி, உப்புக் கரித்ததும் மாற்றுகிறேன். அது முழுத் தீர்வு இல்லை, ஆனால் சும்மா விடுவதைவிட மேல்.

டீசல் எஞ்சினின் குறையையும் மறைக்கக் கூடாது. சத்தமும் அதிர்வும் மனிதனைத் தின்றுவிடும். இருபது வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்த எங்கள் பெரியப்பாவிடம் இன்று கத்தித்தான் பேச வேண்டும். வாலிநோக்கத்தில் தொழில் செய்யும் என் மச்சான் அதை விட்டுவிட்டு அவுட்போர்டுக்கு மாறியதற்கு அலைதான் காரணம். கச்சான் அலையில் லாங் டெயிலின் புரொப்பல்லர் அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்து வெறுமனே சுற்றும், பிடிமானம் போய்விடும். அவன் முதலில் 15 அங்குலத் தண்டு உள்ள அவுட்போர்டு வாங்கி அதே தொல்லையைப் பட்டான், பிறகு 20 அங்குலத் தண்டு மாற்றியதும் சரியானது. விற்ற கடைக்காரர் படகின் பின்பலகை என்ன உயரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? டூ ஸ்ட்ரோக் இலகுவானது. டோஹாட்சுவின் 9.8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் சுமார் 26 கிலோ, அதே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் சுமார் 37 கிலோ. தினமும் எஞ்சினைத் தோளில் வைத்து மணலில் நடப்பவனுக்கு அந்த 11 கிலோ என்னவென்று தெரியும். டூ ஸ்ட்ரோக்கைப் பிரித்து மாட்டவும் எளிது, ஊர்ப் பையன்களே செய்வார்கள். ஆனால் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றுகிற பெட்ரோலில் கால் பங்கு வரைகூட எரியாமலே புகையோடு வெளியே போய்விடும், அதன் வேலை முறையே அப்படி. அதோடு 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலும் கலக்க வேண்டும். நம் ஆட்கள் எஞ்சின் தேயாமல் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள், பிளக் கறுத்து நடுக்கடலில் நிற்பது அதனால்தான். இருபது லிட்டர் கேனுக்கு 400 மில்லி, அவ்வளவு போதும்.

நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதே வள்ளம், அதே வலை, அதே தூரம். டூ ஸ்ட்ரோக் வைத்திருந்தபோது மணிக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் பெட்ரோல், இப்போது ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு லிட்டர், அதற்கு முன்னால் டீசல் எஞ்சினில் ஒன்றரை லிட்டர். என் கணக்கு இது, உங்கள் வள்ளத்துக்கு மாறும். ஆனால் நோட்டு போடாமல் எந்தக் கம்பெனி நல்லது என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. கம்பெனிப் பெயரையும் ரொம்ப நம்ப வேண்டாம், மெர்குரி என்று பெயர் ஒட்டி வந்த சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பல வருடம் டோஹாட்சு ஆலையில் செய்தவைதான்.

குதிரைத்திறன் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலையும் ஐஸும் நான்கு ஆளும் ஏறிய வள்ளம் தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும், மேலெழுந்து பறக்காது. அதற்கு ஒரு வேகம்தான் உண்டு, அதற்கு மேல் எவ்வளவு பெரிய எஞ்சின் மாட்டினாலும் பின்னால் அலைதான் பெரிதாகும், கேன்தான் காலியாகும். எனக்குப் பலன் கொடுத்தது புரொப்பல்லர் மாற்றியதுதான். கூடவே வந்த புரொப்பல்லர் சுமை இல்லாத படகுக்கு ஏற்றது. ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளுகிற தூரம், அதாவது பிட்ச், குறைந்ததாக ஒன்று வாங்கிப் போட்ட பிறகு எஞ்சின் திணறாமல் இழுக்கிறது. யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, வங்காளக் கடலில் தொழில் செய்யும் ஒரு நண்பரிடம் தற்செயலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இனி என் மனதைப் போட்டு உறுத்துகிற விஷயம். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் நாட்டுப்படகுக்கான வரி விலக்கு டீசலை வருடம் 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார், நல்லது. ஆனால் பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு வைத்திருப்பவன் பைக் ஓட்டுகிறவர் கொடுக்கிற அதே விலையை, முழு வரியோடு, பங்க்கில் நின்று கொடுக்கிறான். அவனும் நாட்டுப்படகு மீனவன்தானே? அது போதாதென்று, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகளின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. காற்று அடித்து ஐந்தாறு நாள் தொழிலுக்குப் போகாமல் இருந்தால் கேனின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறது. போன வருடம் அப்படித்தான் கார்புரேட்டர் போய், கரையிலிருந்து ஆறு மைலில் துடுப்புப் போட்டு வந்தோம். கடையில் காட்டினால் எரிபொருள் கோளாறு, வாரண்டி வராது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கண்ணாடிக் கிண்ணம் வைத்த, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைக் குழாயில் மாட்டியிருக்கிறேன், தினமும் பார்த்து வடித்துவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சின் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்யுங்கள், செலவு பெரிதில்லை.

மீன்துறைக்கு நான் கேட்பது இதுதான். மானியப் பட்டியலில் எஞ்சின்களைச் சேர்க்கும் முன்னால், ஒரே ஃபைபர் வள்ளத்தில், ஒரே சுமையில், தேவிபட்டினத்தில் ஒரு நாளும் வாலிநோக்கத்தில் ஒரு நாளும் எங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். எத்தனை லிட்டர் குடித்தது, எந்தத் தண்டு, எந்தப் பிட்ச் என்று கரும்பலகையில் எழுதி ஏலக்கூடத்தில் வையுங்கள். மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அளந்து கொடுக்க ஆளுக்குப் பஞ்சம் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர், பிளக், சீல் ஆகியவை ராமநாதபுரத்திலேயே கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கும் கம்பெனிக்கு மட்டும் மானியம் கொடுங்கள். ஒரு சீலுக்காக தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறி ஒரு வாரத் தொழிலை விட்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பெட்ரோல் வள்ளங்களுக்கும் வரி விலக்கு வேண்டும், எத்தனால் குறைந்த பெட்ரோல் கடற்கரைப் பங்க் ஒன்றிலாவது வேண்டும். பதினைந்து பேர் கையெழுத்துப் போட்ட மனு தயாராக இருக்கிறது, அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் என் நோட்டோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எஞ்சின் செலவை எழுதி வைத்திருக்கும் யாராவது இருந்தால் அவர்களும் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
மோர்ப்பண்ணை, ராமநாதபுரம் மாவட்டம்