பறக்கும் டாக்ஸி முதலில் வால்பாறைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். மின்சாரத்தில் ஓடி, நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பும் சிறு விமானங்களை 'நாளைய பொதுப் போக்குவரத்து' என்கிறார்கள். அதை அப்படியே நம்ப முடியவில்லை. அமெரிக்காவின் ஜோபி விமானத்தில் பைலட்டைத் தவிர 4 பேர்தான் உட்காரலாம். நம் மெட்ரோ ரயில் ஒன்றில் ஆயிரம் பேருக்கு மேல் போகலாம். அப்புறம், மேலே எழும்பும்போதும் இறங்கும்போதும்தான் பேட்டரி அதிகம் கரைகிறது, அதனால் ஊருக்குள்ளேயே அடிக்கடி ஏறி இறங்குவது கட்டுப்படியாகாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இப்படிப்பட்ட விமானத்தில் பயணிகளை ஏற்றுவதாகச் சொன்ன ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனம் அதைச் செய்யவில்லை, அந்த டிசம்பரிலேயே திவால் மனுவும் போட்டது.

ஆனால் இதைத் தூக்கி எறியவும் கூடாது. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். நெஞ்சுவலிக்காரரையோ பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணையோ அந்த வழியாகக் கொண்டுவருவது எவ்வளவு கொடுமை என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வான்வழியில் அது சில நிமிடப் பயணம்தான். சென்னை ஐஐடியில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் இதே வகையில் 788 ஏர் ஆம்புலன்ஸ்கள் தர 2025-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இதுதான் சரியான தொடக்கம்.

விமான நிலையத்துக்கு அவசரமாகப் போகிறவர்கள் காசு கொடுத்துப் பறக்கட்டும், அதற்கு அரசுப் பணம் வேண்டாம். அந்தப் பணத்தில் பேருந்து வாங்குங்கள், மலைப்பகுதி அரசு மருத்துவமனைகளில் இறங்குதளமும் சார்ஜ் வசதியும் இப்போதே திட்டமிடுங்கள்.

– வாசகர், பொள்ளாச்சி