டாக்டரைக் கோயிலுக்கு வரவழையுங்கள்

ரங்கூன் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு வயது 79. ஒரு வருடமாக அரிசிப் பானைக்குள் பணத்தை ஒளித்து வைக்கிறார். கியாட் நோட்டுகளைச் சுருட்டி, கிழிந்த கைலித் துணியில் முடிந்து, அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைக்கிறார். அப்புறம் வைத்த இடம் மறந்துபோகிறது. "உன் பெண்டாட்டிதான் எடுத்துட்டா" என்கிறார். அவள் அரிசியை முறத்தில் கொட்டி முடிச்சைக் காட்டினால், "மாட்டிக்கிட்டதும் திருப்பிப் போட்டுட்டா" என்கிறார்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1964இல் தாத்தாவின் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் போயின. அதெல்லாம் அப்பாவுக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. காலையில் சாப்பிட்ட மொகிங்காதான் நினைவில்லை.

ஆஸ்பத்திரி என்றால், "எனக்கு என்னடா கேடு? பைத்தியம்னு எழுதி வாங்கப் பாக்குறியா?" என்று கத்துகிறார். வீம்பு என்று நினைத்து நானும் சண்டை போட்டேன். அது என் தப்பு. மறதி நோய் வந்த பலருக்கு, தனக்கு நோய் இருப்பதை உணரும் திறனே போய்விடுகிறது. வாதாடினால் பயம்தான் கூடும்.

உங்களில் ஒரு பெரியவர் செய்வினை என்றார். இன்னொருவர் வயசானால் அப்படித்தான் என்றார். அந்தப் பேச்சை நம்பிப் பல மாதங்களை விட்டுவிட்டேன். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள் இவற்றாலும் புத்தி தடுமாறும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. பரிசோதிக்காமல் எது என்று எப்படித் தெரியும்?

கடைசியில், "எனக்கு பிரஷர் பாக்கணும், துணைக்கு வாங்கப்பா" என்று கூட்டிப்போனேன். நடந்ததையெல்லாம் முதல் நாளே எழுதி டாக்டரிடம் கொடுத்திருந்தேன். முதலில் என் கையில் பட்டை சுற்றினார்கள், அப்புறம் அப்பா கையில். அது வரை சரி. டாக்டர் பர்மிய மொழியில் இன்று என்ன கிழமை என்று கேட்டார். "இவரு என்னடா கேக்குறாரு?" என்று என் முகத்தைப் பார்த்தார் அப்பா. ஐம்பது வருடம் பர்மியத்தில் வியாபாரம் செய்த மனிதர்! பிறகு கற்ற மொழி முதலில் நழுவுவதும் இந்த நோயில் உண்டாம். எழுந்து வந்தவர், மறுபடி அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆனால் கோயிலுக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு எல்லார் நட்சத்திரத்தையும் தவறாமல் சொல்கிறார்.

அதனால் கேட்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதானத்துக்கு முன் மண்டபத்தில் ஒரு டாக்டரை உட்கார வையுங்கள். பிரஷர், சர்க்கரை பார்க்கட்டும். மறதி நோய் என்று பலகை வைக்க வேண்டாம். டாக்டர் பக்கத்தில் நன்றாகத் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். வீட்டார் முதலில் தனியாகப் பேச ஒரு மூலை வேண்டும். அப்புறம், என் மனைவியைத் திருடி என்று கோயில் வாசலில் பேசுகிறவர்களை நீங்களே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது அவள்தான்.

மேசை நாற்காலி நான் கொண்டு வருகிறேன். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.